செயலி பேச மறுக்கும்போது

வெளிமாநிலங்களில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள் சில, இன்று தமக்கெனக் கைப்பேசிச் செயலி வைத்துள்ளன. செயலி திறந்ததும் முதலில் செய்வது யாது? தன் மொழி, அறிவிப்புப் பகுதிகள் முதலிய அமைப்பு விவரங்களைச் சர்வரிடம் கேட்பதேயாகும். வோர்ட்பிரஸ் தளம் உடையோர் இதற்கெனத் தாமே ஒரு ரெஸ்ட் முகவரி வகுத்துக்கொள்ளலாம். 2015 டிசம்பரில் வெளிவந்த 4.4ஆம் பதிப்பு முதல் இவ்வசதி உண்டு.

நாம் அறிந்த ஒரு சங்கத்தில், பொங்கல் விழாவுக்கு இரு தினங்கள் முன்னர்ச் செயலி வெற்றுத் திரையாயிற்று. மண்டபம் மாறிய செய்தி உறுப்பினரை எட்டவில்லை. செயலியை நீக்கி மீண்டும் நிறுவும்படி ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டனர். வீண் வேலை!

இத்தகைய வேளையில், அம்முகவரியை நேரே பிரவுசரில் திறந்து பார்த்தல் வேண்டும். தளத்தின் வழக்கமான 'பக்கம் இல்லை' என்னும் 404 தோன்றின், வேண்டுகோள் ரெஸ்ட் பகுதியை எட்டவேயில்லை எனலாம். நிரந்தர இணைப்பு அமைப்பைத் திறந்து, எதையும் மாற்றாது மீண்டும் சேமித்தாலே பெரும்பாலும் சரியாகும். 'ரெஸ்ட் நோ ரூட்' என்னும் குறிப்போடு 404 வருமாயின், வாயிலை அடைந்தும் அப்பெயரினர் அங்கில்லை என்பது பொருள். பெயரில் எழுத்துப்பிழை இருக்கலாம். 'ரெஸ்ட் ஏபிஐ இனிட்' என்னும் தருணத்தில் வழியைப் பதிவு செய்யாது விட்டிருக்கலாம். பலரையும் ஏமாற்றுவது வேறொன்று. 'போஸ்ட்' முறைக்கு மட்டும் பதிவான வழியை 'கெட்' முறையில் கேட்டாலும் இதே விடைதான். பிரவுசரின் முகவரிக் கட்டமோ 'கெட்' முறையில்தான் கேட்கும்.

401, 403 என்பன அனுமதி பற்றியவை. விவரம் யாவர்க்கும் பொதுவாயின், பொது என்றே அனுமதிச் சோதனையில் வெளிப்படையாக எழுதிவிடலாம். கடவுச்சொற்களை அதில் வைத்தலாகாது.

நாம் கூறிய சங்கத்திலோ 200 என்னும் நல்விடையே வந்தது. பிரவுசரில் தமிழும் தெளிவாகத் தெரிந்தது. விடையைப் பைட்டு பைட்டாகப் பிரித்தபோதே உண்மை புலப்பட்டது. தலைப்பில் 239, 187, 191 என மூன்று பைட்டுகள்! தமிழ்ச் சொற்களைத் திருத்திய அன்பர் பழைய நோட்பேடில் கோப்பைச் சேமித்திருந்தார். அது யூடிஎஃப்-8 கோப்பின் முன்னே, கண்ணுக்குத் தெரியாத இக்குறியை இட்டுவிடும். பிஹெச்பி அதையும் விடையோடு அனுப்பிற்று. பிரவுசர் பொறுத்துக்கொண்டது, செயலி பொறுக்கவில்லை. தமிழ் எழுதியதே குற்றமென அவ்வன்பர் வருந்தினார், அவ்வாறன்று. குறியின்றிச் சேமித்த சில நிமிடங்களில், புதிய மண்டபத்தின் முகவரி அனைவர் கைப்பேசியிலும் தமிழிலேயே தோன்றிற்று.