ஓட்டின் வயது ஏன் கூடுகிறது?

பசியாவரம் தீவைச் சூழ்ந்த பழவேற்காடு ஏரியின் சேற்றுக்கடியில் பழைய மட்டி ஓடுகள் புதைந்து கிடக்கின்றன. அவற்றின் வயதைக் கார்பன்-14 கொண்டு அளக்கலாம். அது பாதியாகக் குறைய சுமார் 5,730 ஆண்டு ஆகும். ஆனால் கணக்கு எளிதில் பிசகும்.

ஏன்? மட்டி தன் ஓட்டுக்கான கார்பனைப் பெரும்பாலும் தண்ணீரிலிருந்தே எடுக்கிறது. ஆழ்கடலில் நெடுங்காலம் தங்கிய நீரில் கார்பன்-14 குறைவு. அது மேலே வந்து கலக்கிறது. அதனால் அணுகுண்டுச் சோதனைகளுக்கு முன் பிடித்த கடல் மட்டி, உயிரோடிருந்தபோதே சராசரியாக 400 வயது காட்டும்.

ஏரிக்கு இந்த 400-ஐ அப்படியே கழிப்பது சரியல்ல என்பேன். முகத்துவாரம் திறந்திருந்தால் கடல்நீர் புகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாற்று நீர் சேரும். ஒரே ஓட்டின் வளர்ச்சி வரிகளில் இரண்டின் கார்பனும் படிந்திருக்கும். 1950-க்கு முன் தேதி குறித்துச் சேகரித்த உள்ளூர் ஓடுகளை அளந்தால்தான் சரியான திருத்தம் கிடைக்கும்.

எதிர்ப்பக்கமும் பிசகும். கார்பன்-14 முற்றும் அழிந்த ஓட்டில் 1 சதவீதம் புதுக் கார்பன் புகுந்தால், வயது சுமார் 37,000 என்றே வரும். ஆகவே வெளிப்புறத்தை அமிலத்தால் அரித்து நீக்குகிறார்கள். அரகோனைட் கால்சைட்டாக மாறியிருக்கிறதா என்று எக்ஸ்-கதிரில் பார்க்கிறார்கள்.

எரிமலைப் பாறையிலும் பழைய சரக்கு கலப்பதுண்டு. ஹவாயில் 1800-01-இல் வழிந்த ஹுவாலலாய் எரிமலைக் குழம்பு, பொட்டாசியம்-ஆர்கான் முறையில் அளந்தபோது, உள்ளே சிக்கிய பழைய ஆர்கானால் 16 லட்சம் ஆண்டு வயது காட்டியது.