செவ்வி முடிந்த பின்னர்: தொலைக்காட்சியின் பொறுப்பு எங்கே முடிகின்றது?

இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ள ஹாம்ப்ஷயரின் மரண விசாரணை அதிகாரி ஒருவர் 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரு தீர்ப்பை வழங்கினார். 2019ஆம் ஆண்டு மே மாதம் ஐடிவி தொலைக்காட்சியின் 'ஜெரமி கைல் ஷோ' நிகழ்ச்சிப் பதிவில் கலந்துகொண்டு, சுமார் ஒரு வாரத்தில் தன் உயிரை மாய்த்துக்கொண்ட 63 வயது மனிதரின் மரணம் பற்றிய தீர்ப்பு அது. நிகழ்ச்சியில் அவருக்கு ஏற்பட்ட அனுபவம் அவரது மனத்துயரை அதிகரித்திருக்கக் கூடும், ஆனால் அதுவே மரணத்துக்கு வழிவகுத்தது என்று கூறப் போதிய ஆதாரம் இல்லை என்பது அதன் சாராம்சம்.

இதனைத் தொலைக்காட்சித் துறைக்குக் கிடைத்த விடுதலைப் பத்திரமாகச் சிலர் வாசிக்கக் கூடும். அது பிழையான வாசிப்பு என்பதே எனது கருத்து. இறந்தவர் யார், எப்போது, எங்கே, எவ்வாறு இறந்தார் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை காண்பதே இங்கிலாந்துச் சட்டத்தில் மரண விசாரணை அதிகாரியின் பணி. எவர் மீதும் குற்றப் பொறுப்பையோ சிவில் பொறுப்பையோ சுமத்த அவருக்கு அதிகாரம் கிடையாது. ஒரு மனிதர் ஏன் இறந்தார் என்பது ஒரு கேள்வி. அவரை அழைத்து மேடையில் அமர்த்தியவர்கள், செய்ய வேண்டியதைச் செய்தார்களா என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்குத் திட்டவட்டமான விடை பெரும்பாலும் கிடைப்பதில்லை. தற்கொலைக்கு ஒரே ஒரு காரணத்தைச் சொல்ல முடியாது என்று உளவியல் நிபுணர்கள் நெடுங்காலமாகவே எச்சரித்து வருகின்றார்கள். எனவே முதற் கேள்விக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இரண்டாவது கேள்வியைத் தவிர்ப்பது ஊடகங்களுக்கு மிக எளிதாகிவிடுகின்றது.

அன்று நடந்தது என்ன?

'ஜெரமி கைல் ஷோ' 2005ஆம் ஆண்டு முதல் வார நாட்களில் காலை வேளையில் ஒளிபரப்பானது. குடும்பச் சண்டைகள், கள்ள உறவுக் குற்றச்சாட்டுகள், தந்தை யார் என்பதை அறியும் மரபணுச் சோதனைகள் ஆகியவையே அதன் மூலதனம். பங்கேற்றவர்களில் பலர் வசதி குறைந்த, படிப்புக் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மான்செஸ்டர் நீதிபதி ஒருவர் 2007ஆம் ஆண்டிலேயே, கரடியைக் கட்டிவைத்து நாய்களை ஏவி வேடிக்கை பார்த்த பழைய கேளிக்கையின் மனித வடிவம் என்ற பொருளில் இந்நிகழ்ச்சியைக் கண்டித்திருந்தார். அதன் பின்னரும் அது பன்னிரண்டு ஆண்டுகள் நடந்தது.

2019இல் வந்த அந்த மனிதர், தமது வருங்கால மனைவிக்குத் தாம் துரோகம் செய்யவில்லை என்று நிரூபிக்கவே வந்தார். மன அழுத்தத்துக்கு மருந்து உட்கொண்டு வந்ததால் முதலில் அவர் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. பின்னர் மருத்துவரிடமிருந்து ஒரு கடிதம் பெற்றுக் கொடுத்ததும் அழைக்கப்பட்டார். பொய்யறியும் கருவியின் சோதனையில் அவர் தோல்வியடைந்ததாக, அரங்கு நிறைந்த பார்வையாளர்கள் முன்னிலையில் அறிவிக்கப்பட்டது. பார்வையாளர்கள் கூச்சலிட்டனர்.

இந்தக் கருவியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். அது நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு, தோலின் வியர்வை ஆகியவற்றை அளக்கின்றது, பொய்யை அளப்பதில்லை. அச்சமுற்ற நேர்மையாளருக்கும் நாடி துடிக்கும். பதற்றமில்லாத பொய்யருக்குத் துடிக்காமலும் போகும். பிரிட்டனின் குற்றவியல் நீதிமன்றங்கள் இதன் முடிவை ஒருவரின் குற்றத்துக்குச் சான்றாக ஏற்பதில்லை. அமெரிக்காவில் பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் இதனை ஊழியர்கள் மீது பயன்படுத்துவதை 1988ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. நீதிமன்றம் நம்ப மறுத்த ஒன்றை, ஒரு மனிதரின் திருமண வாழ்வைத் தீர்மானிக்கும் தீர்ப்பாகத் தொலைக்காட்சி முன்வைத்தது. இந்தச் சோதனை எந்த அளவுக்குத் துல்லியமானது என்று 2019 ஜூன் மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு கேட்டபோது, தயாரிப்பாளர்களால் அதற்குத் தெளிவாக விடையளிக்க முடியவில்லை. நிகழ்ச்சியை நடத்திய ஜெரமி கைல் குழுவின் முன் வர மறுத்துவிட்டார்.

என்னைப் பொறுத்தவரை, பொறுப்பு பற்றிய கேள்வியின் மையம் இதுவே. அந்த மனிதரின் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதைத் தயாரிப்பாளர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று யாரும் கோரவில்லை. தங்கள் கையில் இருந்த கருவி எத்தகையது என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

'ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டார் அல்லவா?' என்பது இத்துறையில் உள்ளவர்கள் வழக்கமாக முன்வைக்கும் வாதம். கையொப்பம் உண்மைதான். ஆனால் அரங்கைத் தெரிவு செய்தவரும், கேள்வியைத் தெரிவு செய்தவரும், எந்தப் பகுதியை வெட்டி எதனை ஒளிபரப்புவது என்று முடிவு செய்பவரும் ஒரே தரப்பினர். விருந்தினர் கையில் இருப்பது பேனா மட்டுமே. அரசியலில் இவ்வளவு சமனற்ற ஓர் ஒப்பந்தத்தை எந்தப் பத்திரிகையாளரும் கேள்வி கேட்காமல் விடமாட்டார்.

செய்தியும் விதிவிலக்கல்ல

இவை யாவும் கேளிக்கை நிகழ்ச்சிகளின் குறை, செய்தித்துறைக்கு இதில் தொடர்பில்லை என்று எங்களில் சிலர் ஆறுதல் கொள்வதுண்டு. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்தது அந்த ஆறுதலைக் குலைக்கின்றது. ஃபுளோரிடா மாநிலத்தின் லீஸ்பர்க் நகரில், ஆகஸ்ட் மாத இறுதியில் இரண்டு வயது ஆண் குழந்தை காணாமற்போனது. குழந்தையின் 21 வயதுத் தாயை, சிஎன்என் ஹெட்லைன் நியூஸ் அலைவரிசையில் நான்சி கிரேஸ் தொலைபேசி வழியாகச் செவ்வி கண்டார். கிரேஸ் முன்னாள் அரசுத் தரப்பு வழக்கறிஞர். குழந்தை காணாமற்போன நாளில் எங்கே இருந்தாய், ஏன் சொல்ல மறுக்கின்றாய் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். மறுநாள், செவ்வி ஒளிபரப்பாவதற்கு முன்னரே, அந்தத் தாய் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் இறந்துவிட்டார் என்று தெரிந்த நிலையிலும் அன்று மாலை அந்தச் செவ்வி ஒளிபரப்பப்பட்டது.

இங்கே எதிர்வாதம் வலுவானது என்பதை மறுக்கக் கூடாது. ஒரு குழந்தையின் உயிர் பணயமாக இருந்தது. பொலிஸார் பின்னர் அந்தத் தாயையே பிரதான சந்தேக நபர் என்று அறிவித்தனர். கடினமான கேள்விகளைக் கேட்பது பத்திரிகையாளரின் கடமை, அதனை விட்டுவிட்டால் எஞ்சுவது விளம்பரப் பணிதான். ஆயினும், குறுக்கு விசாரணை நடைபெறும் நீதிமன்றத்தில் சாட்சிக்கு ஒரு வழக்கறிஞர் உண்டு, இடைமறிக்க ஒரு நீதிபதி உண்டு. தொலைக்காட்சிச் செவ்வியில் கேள்வி கேட்பவரே அனைத்துமாகிவிடுகின்றார். அமைச்சர் ஒருவரிடம் அவ்வாறு கேட்பதற்கும், பன்னிரண்டு நாட்களுக்கு முன்னர் வரை எவருக்கும் தெரியாதிருந்த ஒரு பெண்ணிடம் அவ்வாறு கேட்பதற்கும் வேறுபாடு உண்டு.

கேள்வி கேட்டது சரியா என்பதில் இரு கருத்துகள் இருக்கலாம். மரணத்துக்குப் பின்னர் அதனை ஒளிபரப்பியது பதற்றத்தில் நேர்ந்த பிழையன்று, யோசித்து எடுக்கப்பட்ட ஆசிரியர் குழு முடிவு. ஐடிவி 2019இல் வேறு விதமாக நடந்துகொண்டது. அந்தப் பதிவு ஒளிபரப்பப்படவே இல்லை, சில நாட்களில் நிகழ்ச்சியும் நிறுத்தப்பட்டது.

விதிகள் என்ன சொல்கின்றன?

பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், 2021ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் புதிய விதிகளை நடைமுறைப்படுத்தியது. பங்கேற்பதால் கணிசமான தீங்குக்கு ஆளாகக் கூடியவர்களின் நலனில் ஒளிபரப்பாளர் உரிய கவனம் செலுத்த வேண்டும் என்கின்றன அவை. பொதுவாழ்வுக்குப் பழக்கமில்லாதவரா, மோதலுக்கு உள்ளாக்கப்படுகின்றாரா, வாழ்க்கையை மாற்றக் கூடிய ஒன்று அம்பலமாகப் போகின்றதா என்பவை முன்கூட்டியே எடைபோட வேண்டிய அம்சங்கள். அதாவது ஒரு மரணம் நேர்ந்த பின்னர் காரணம் தேடுவதற்குப் பதிலாக, ஆபத்து கண்ணுக்குத் தெரிந்ததா என்று விதி கேட்கின்றது.

இந்தியாவில் தொலைக்காட்சிகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்ச்சி விதிமுறைகள், திரையில் எதனைக் காட்டலாம், எதனைக் காட்டக் கூடாது என்பதைப் பற்றியே பெரிதும் பேசுகின்றன. ஜீ தமிழில் பல ஆண்டுகள் ஒளிபரப்பான 'சொல்வதெல்லாம் உண்மை' போன்ற குடும்பப் பஞ்சாயத்து நிகழ்ச்சிகளை டொரொன்டோவிலும் பாரிஸிலும் இருந்த எமது வீடுகளும் பார்த்தன. நானும் பார்த்திருக்கின்றேன், அலைவரிசையை மாற்றாமலேயே. மேடையில் அழுத பெண் எந்த ஊர்ப் பேருந்தில் ஏறித் திரும்பினார், அந்தத் தெருவில் மறுநாள் எப்படி நடந்து சென்றார் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அமெரிக்க வழக்கு 2010ஆம் ஆண்டில் சமரசமாக முடிந்தது. காணாமற்போன குழந்தையைத் தேடுவதற்கென 200,000 டாலர் கொண்ட ஓர் அறக்கட்டளை நிதியை ஏற்படுத்த சிஎன்என் தரப்பு ஒப்புக்கொண்டது. குழந்தை இன்று வரை கிடைக்கவில்லை.