மலைப்பாதைச் சைக்கிளும் மங்கையர் மேற்சட்டையும்

ஒரு சட்டையைத் தெரிவு செய்வதைப் பற்றி வானொலியிலே பேசுவதற்கு அப்படி என்னதான் இருக்கிறது என்று நேயர்களிற் சிலர் எண்ணக்கூடும். சேலை வாங்குவதென்றால் அரைநாட் பேச்சுக்கு இடமுண்டு. கரையைப் பார்க்கவேண்டும், தலைப்பைப் பார்க்கவேண்டும், சாயம் போகுமா என்று கடைக்காரரை நாலுமுறை கேட்கவேண்டும். துவிச்சக்கர வண்டியில் மலைப்பாதை ஏறி இறங்கும் பெண்ணொருத்தி அணியும் மேற்சட்டைக்கும் இத்தனை ஆராய்ச்சி வேண்டுமா? வேண்டும் என்பதே என் கருத்து. அதற்குக் காரணமும் உண்டு.

1898ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, இங்கிலாந்தின் சரே பகுதியிலுள்ள ஓக்கம் என்னும் ஊரில் ஒரு விடுதிக்கு ஹாபேட்டன் சீமாட்டி துவிச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். பெண்களின் உடையைச் சீர்திருத்தும் நோக்கத்துடன் 1881இல் இலண்டனில் தோன்றிய சங்கத்தின் முன்னணியாளர் அவர். அன்று நிலத்தைக் கூட்டும் நீண்ட பாவாடையை விடுத்து, முழங்காலளவில் இறுகும் தொளதொளத்த காற்சட்டையும் மேலங்கியும் அணிந்திருந்தார். விடுதிக்காரி அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கோப்பி அருந்தும் கூடத்திலே இந்த உடையோடு அமர முடியாது, வேண்டுமானால் மதுக்கடையை ஒட்டிய அறையில் உணவு தருகிறேன் என்றார். விடயம் அடுத்த ஆண்டு நீதிமன்றம் வரை சென்றது. தீர்ப்பு விடுதிக்காரிக்குச் சாதகமாகவே அமைந்தது. உணவு தர மறுக்கவில்லை, அறையைத்தான் மாற்றினார் என்பது யூரர்களின் முடிவு. வழக்கிலே தோற்றாலும், வண்டி ஓட்டும் பெண்ணின் உடை வண்டிக்கு ஏற்றதாக இருக்கவேண்டுமா, பார்ப்பவர் கண்ணுக்கு ஏற்றதாக இருக்கவேண்டுமா என்ற கேள்வி அன்று ஊரறிய எழுந்துவிட்டது. இன்று ஒரு விளையாட்டுடைக் கடையின் வாசலில் நிற்கும் பெண்ணுக்கு முன்னாலும் அந்தக் கேள்வி நிற்கத்தான் செய்கிறது.

எம்மவர்க்கும் இது புதிதன்று. போர்க்காலத்தில் எரிபொருள் இல்லாதபோது யாழ்ப்பாணத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கும் வைத்தியசாலைக்கும் அலுவலகத்துக்கும் சைக்கிளிலேயே சென்றார்கள். சேலைத் தலைப்பை இடுப்பிலே செருகிக்கொண்டு, கூடையிலே பிள்ளையின் புத்தகங்களை வைத்துக்கொண்டு மிதித்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் அது சமதரை. மலைப்பாதை வேறு சங்கதி.

மலைப்பாதைத் துவிச்சக்கர வண்டி என்பது தடித்த ரயர்களும், உறுதியான சட்டகமும், வலிய தடைகளும் கொண்டது. இதன் பிறப்பிடம் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்திலுள்ள தமல்பைஸ் மலைப்பகுதி. 1970களில் அங்குள்ள இளைஞர்கள் பழைய கனத்த வண்டிகளை மலைமேல் ஏற்றிக்கொண்டுபோய் மண்பாதையால் அதிவேகமாக இறங்கினார்கள். 1976இல் தொடங்கிய அவர்களுடைய பந்தயத்துக்கு ‘ரீபாக்’ என்று பெயர். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரத் தடையின் கிறீஸ் எரிந்து புகைந்துவிடும். மறுபடி கிறீஸ் அடைத்தாற்றான் அடுத்த ஓட்டம். அந்த ‘மறுபடி அடைத்தல்’தான் பெயராயிற்று. அக்கூட்டத்திலே வெண்டி கிராக் என்ற பெண்மணியும் ஓட்டினார்; அந்நாளைய காட்சிகளைப் படமெடுத்து வைத்தவரும் அவரே. 1980களில் ஜாக்கி ஃபெலன் என்னும் வீராங்கனை பெண்களுக்கென்றே ஒரு சங்கம் அமைத்தார். அதன் பெயரை மலைத் துவிச்சக்கர வண்டி மற்றும் தேநீர்ச் சங்கம் என்று தமிழாக்கலாம். தேயிலை நாட்டவராகிய நாம் இப்பெயரைக் கேட்டுச் சற்றுப் புன்னகைக்கலாம். 1990இல் கொலராடோவின் துராங்கோ நகரில் முதலாவது அதிகாரபூர்வ உலகப் போட்டி நடந்தது. 1996இல் அற்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது. இத்தாலியைச் சேர்ந்த பவோலா பெற்சோ பெண்களுக்கான தங்கப்பதக்கத்தை வென்றார். நான்கு ஆண்டுகளின் பின் சிட்னியிலும் அவரே வென்றார்.

இனிச் சட்டைக்கு வருவோம். இதனை ஜேர்சி என்பர். ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜேர்சித் தீவிலே பின்னப்பட்ட கம்பளிச் சட்டையிலிருந்து வந்த பெயர் இது. பெயர் கம்பளியிலிருந்து வந்தது போலவே, சட்டையின் குணமும் முதலில் நூலைப் பொறுத்தது.

என் சகோதரியின் மகள் ஒருத்தி, நல்ல உடற்பலமுள்ளவள், நுவரெலியாவிலிருந்து தேயிலைத் தோட்டப் பாதைகளால் இறம்பொடைப் பக்கமாகத் தோழியருடன் வண்டியிற் சென்றாள். முதல் ஒரு மணித்தியாலம் ஏற்றம். அணிந்திருந்தது புத்தம்புதிய பருத்திச் சட்டை. வெயிலுக்குப் பருத்திதானே நல்லது என்று நானே வாங்கிக் கொடுத்தது. ஏறி முடிந்தபோது சட்டை பிழியப் பிழிய நனைந்திருந்தது. பின்னர் இறக்கம் தொடங்கிற்று. மூடுபனியும் எதிர்காற்றும் சேர்ந்தன. பாதி வழியிலே கைவிரல்கள் விறைத்துத் தடைப்பிடியை அழுத்த முடியாமற் போய்விட்டது. ஒரு தோட்டக் குடியிருப்பிலே இறங்கி, அங்கிருந்த அம்மா ஒருவர் கொடுத்த உலர்ந்த சட்டையையும் கொதிக்கக் கொதிக்கத் தேநீரையும் பெற்றுக்கொண்ட பிறகுதான் பேச்சு வந்ததாம். இறக்கத்திலே தடைப்பிடியை அழுத்தமுடியாத கை எத்தகைய ஆபத்து என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இதற்குக் காரணம் என்ன? ஒரு கிராம் நீரைப் பனிக்கட்டிக் குளிரிலிருந்து கொதிநிலை வரை சூடாக்க நூறு கலோரி வெப்பம் போதும். அதே ஒரு கிராம் நீர் தோலின்மேல் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரியை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. ஏற்றத்திலே கடுமையாக உழைக்கும் உடல் மணிக்கு ஒரு லீற்றர் வரையிலும் வியர்க்கும்; வெப்பம் மிகுந்தால் அதற்கு மேலும் வியர்க்கும். அவ்வியர்வை உடனுக்குடன் ஆவியானால் உடல் இதமாகக் குளிர்கிறது. சொட்டி நிலத்தில் விழுந்தால் பயனில்லை. சட்டையிலே ஊறித் தங்கினாலோ, வேண்டியபோது குளிராமல், வேண்டாத இறக்கத்திலே காற்றுப்பட்டுக் குளிர்கிறது.

சாதாரண ஈரப்பதமுள்ள காற்றிலே நூறு கிராம் பருத்தி ஏழெட்டுக் கிராம் நீரைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும். கம்பளி பதினாறு கிராம் அளவில் ஏற்கும். பொலியெஸ்ரர் அரைக் கிராமைக்கூட ஏற்பதில்லை. நீரை ஏற்காத நூல் வியர்வையை எப்படி அகற்றும் என்று நீங்கள் கேட்பது நியாயமே. விளக்குத் திரியை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் திரியின் இழைகளுக்கிடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளால் மேலேறுகிறது. அவ்வாறே மெல்லிய பொலியெஸ்ரர் இழைகளின் இடுக்குகளால் வியர்வை தோற்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்குப் பரவி, அகன்ற பரப்பிலே காற்றுப்பட்டு உலர்கிறது. இழை தானே நீரைக் குடிப்பதில்லையாதலால் விரைவில் காய்ந்துவிடுகிறது. குறையும் உண்டு. வியர்வையிலுள்ள எண்ணெய்த் தன்மை பொலியெஸ்ரரை இறுகப் பற்றிக்கொள்ளும். நாலைந்து பயணங்களின் பின் ஒருவகை நாற்றம் சட்டையைவிட்டு அகலாது. மெரினோ ஆட்டின் மென்மையான கம்பளியில் அந்தத் தொல்லை குறைவு. நனைந்தாலும் ஓரளவு கதகதப்புத் தரும். ஆயின் விலை அதிகம். உலர நேரம் எடுக்கும். முட்செடியிற் பட்டால் எளிதிற் கிழியும். குளிர்ந்த மலையுச்சிகளில் நாள்முழுதும் செல்பவர்க்குக் கம்பளி ஏற்றது. இரத்தினபுரி போன்ற புழுக்கமான மழைநாட்டிலோ காற்றே ஈரத்தால் நிறைந்திருப்பதனால், எந்த மாய நூலும் விளம்பரம் சொல்லுமளவுக்கு உலராது. அங்கே நூலைவிடச் சட்டையின் தளர்ச்சியும், அக்குளிலும் முதுகிலும் வலைபோன்ற பின்னலும்தான் கைகொடுக்கும்.

அடுத்தது வெட்டு. நெடுங்காலமாகப் பெண்களுக்கென்று விற்கப்பட்ட வண்டிச் சட்டைகள் பல, ஆடவர் சட்டையைச் சிறிதாக்கி இளஞ்சிவப்பு நிறம் தோய்த்தவையே. தோளிலே தொங்கும், இடுப்பிலே இறுகும், கை தூக்கினால் வயிறு தெரியும். பெண்ணின் தோள் ஒடுக்கம், இடுப்பு அகலம் என்ற எளிய உண்மையை அறியாத தையற்காரர் நம் ஊரில் ஒரு இரவிக்கைகூடத் தைக்க முடியாது. பெரிய நிறுவனங்கள் இதைக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

கடையிலே நிலைக்கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்க்கும்போது எந்தச் சட்டையும் அழகாகவே தோன்றும். ஆனால் வண்டியிலே எவரும் நிமிர்ந்து நிற்பதில்லை. ஆகையால் கடைக்காரரிடம் ஒரு முக்காலியைக் கேட்டு வாங்கி அதில் அமருங்கள். முன்னாலுள்ள மேசை விளிம்பைப் பிடித்து, முழங்கைகளை வெளிப்புறமாக மடித்து, முன்னே சாயுங்கள். கூட வந்தவர் பின்னால் நின்று பார்க்கட்டும். முதுகுப்புறம் மேலேறி இடை தெரிந்தால் அச்சட்டை உங்களுக்குரியதன்று. நல்ல வண்டிச் சட்டையின் பின்புறம் முன்புறத்தைவிட நீளமாக வெட்டப்பட்டிருக்கும். முன்புறத்துணி வயிற்றிலே மடிந்து குவியாமலும், இருக்கையின் முனையிற் சிக்காமலும் இருக்கவேண்டும். தலையைத் திருப்பிப் பின்னே பாருங்கள். கழுத்துப்பட்டை தொண்டையை அறுக்கிறதா? கையை உள்ளே விட்டுத் தையல்களைத் தடவிப் பாருங்கள். அவை தட்டையாக இருக்கவேண்டும். குறிப்பாக, தோளின் உச்சியிலே தடித்த தையல் ஓடினால், முதுகுப்பையின் பட்டி அதன்மேல் அழுத்தி இரண்டு மணி நேரத்திலே தோலைப் புண்ணாக்கிவிடும். கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக இணைக்கப்பட்ட கை இத்தொல்லையைத் தவிர்க்கும். முழங்கைக் காப்பு அணிபவர்கள் அதையும் கடைக்குக் கொண்டுபோய் அணிந்து பார்ப்பது நல்லது.

தார்வீதிப் பந்தயச் சட்டை உடலோடு ஒட்டியிருக்கும். காற்றின் எதிர்ப்பைக் குறைப்பது அதன் நோக்கம். பின்னாலே மூன்று பைகள் இருக்கும். மலைப்பாதையிலோ வேகம் குறைவு, உடலசைவு அதிகம். ஆதலால் இதற்குத் தளர்ந்த சட்டையே பொருத்தம். முதுகுப்பை சுமப்பவர்க்கு முதுகிலே பைகள் இடைஞ்சல். பக்கவாட்டில் சிப் வைத்த சிறிய பை ஒன்று போதும். அந்தப் பையிலே உங்கள் கைத்தொலைபேசி முழுமையாகப் புகுகிறதா என்று பார்த்துவிடுங்கள். பெண்களின் உடையிலே பை என்பது பெரும்பாலும் பெயருக்கு வைக்கப்படுவது என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

உள்ளாடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேற்சட்டை எவ்வளவு உயர்ந்ததாயினும், அதனுள்ளே தடித்த பருத்தி உள்ளாடை இருந்தால் ஈரம் அங்கேயே தங்கிவிடும். விளையாட்டுக்கென்று பெண்களுக்கான மார்புக்கச்சை 1977இல் தான் உருவாயிற்று. அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்திலே மூன்று பெண்கள், ஆடவரின் விளையாட்டு உள்ளாடைகள் இரண்டை இணைத்துத் தைத்து முதல் மாதிரியைச் செய்து பார்த்தார்கள். சந்திரனிலே மனிதன் கால்வைத்து எட்டு ஆண்டுகளின் பின்னர்தான் இது நடந்தது என்பதைக் கவனியுங்கள். முதலிலே அதனைப் பொருத்தமாக வாங்கி, அதை அணிந்துகொண்டே மேற்சட்டையைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இனி அழகு. அழகு வேண்டாமென்று நான் சொல்லவரவில்லை. மனத்துக்குப் பிடித்த உடையை அணிந்தவள் தயங்காமற் புறப்படுகிறாள். வெள்ளை நிறம் வெயிலுக்கு இதம். ஆனால் நனைந்தால் ஊடுருவித் தெரியும், நம் மலைநாட்டுச் செம்மண் ஒருமுறை பட்டால் போகாது. கறுப்பு, கறையை மறைக்கும், வெயிலைக் குடிக்கும். கடுகு மஞ்சள், செங்கல் நிறம், மயில்நீலம் முதலியவை மண்ணையும் பொறுக்கும், பாதை திரும்பும் இடத்திலே எதிரே வருபவர் கண்ணுக்கும் புலப்படும். கையின் நீளம் அவரவர் விருப்பம். முட்புதரும் கடும் வெயிலும் உள்ள இடத்திலே மெல்லிய முழுக்கைச் சட்டை அரைக்கையைவிடச் சுகமானது. உடலை மறைத்து உடுக்க விரும்பும் பெண்களுக்கும் அதுவே உகந்தது. எனினும் மிக ஐதான பின்னல் வெயிலைத் தடுக்காது. சட்டையின் சீட்டில் யூ.பி.எஃப். 50 என்று இருந்தால், புறஊதாக் கதிர்களில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் உட்புகாது என்பது பொருள்.

இத்தகைய விளையாட்டுடைகளை உலகுக்குத் தைத்து அனுப்பும் நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய நாள்முதல் ஆடைத் தொழிற்சாலைகளிலே உழைப்போர் பெரும்பாலும் பெண்களே. தட்டையான தையலின் நுணுக்கம் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு அதை அணிபவர்களுக்குத் தெரியாது. ஏற்றுமதியில் எஞ்சியவற்றை விற்கும் கடைகளிலே நல்ல சட்டைகள் மலிவாகக் கிடைப்பதுண்டு. வாங்குமுன் சிப்பை மேலும் கீழும் பத்துமுறை இழுத்துப் பாருங்கள், அக்குள் தையலை விரித்து நூல் விட்டிருக்கிறதா என்று நோக்குங்கள். ஒதுக்கப்பட்ட சட்டைகளிற் குறை பெரும்பாலும் அவ்விரண்டு இடங்களிலேதான் இருக்கும்.

சலவையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததும் சட்டையை மூலையிலே சுருட்டிப் போடவேண்டாம். சேற்றைக் காயவிட்டு உதறி, சிப்பை மூடி, உட்புறத்தை வெளியே திருப்பிக் குளிர்நீரிலே மென்மையான சவர்க்காரத்தால் அலசுங்கள். துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவத்தை மட்டும் சேர்க்கவே கூடாது. அது இழைகளின் இடுக்குகளை அடைத்துவிடும், பிறகு திரி எண்ணெயை ஏற்றாது. நாற்றம் பிடித்திருந்தால் சிறிதளவு வினாகிரி கலந்த நீரிலே அரை மணி நேரம் ஊறவைத்துப் பின்பு அலசலாம். நிழலிலே உலர்த்துங்கள். ஸ்திரிக்கைப் பெட்டியை அதன் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.