இடுக்கு வழியே வரும் ஈரம்

விண்டோ ஏசிக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் இடுக்கு. அதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் தோன்றும். ஒன்றரை டன் பெட்டியின் சுற்றளவு ஏறக்குறைய 220 சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 66 சதுர சென்டிமீட்டர். சுவரில் எட்டுக்கு எட்டு சென்டிமீட்டர் ஓட்டை போட்டு விட்டுவைத்ததற்குச் சமம்.

அதன் வழியே அனல் வருவது தெரிந்த விஷயம். சென்னை போன்ற கடலோர ஊரில் அதைவிடப் பெரிய தொல்லை ஈரம். கோடை மாலையில் வெளியே 33 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 25 கிராம் நீராவி இருக்கும். 25 டிகிரியும் 55 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் அதில் பாதிதான். உள்ளே புகும் ஒரு கன மீட்டர் காற்றின் சூட்டைத் தணிக்க ஏசி 9 கிலோஜூல் அளவு வெப்பத்தை அகற்றினால் போதும். கூடவே வந்த 12 கிராம் நீராவியைத் தண்ணீராக்கவோ 30 கிலோஜூல் அகற்ற வேண்டும். நீராவிக்குள் ஒளிந்திருக்கும் உள்ளுறை வெப்பம் அவ்வளவு.

கதவடியில் வெளியேற வழியிருந்து, இடுக்கில் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் காற்று புகுந்தால், எட்டு மணி நேரத் தூக்கத்துக்குள் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக உள்ளே வந்துவிடும். அறையில் கூடுதலாக மூன்று பேரைப் படுக்கவைத்தால் அவர்கள் மூச்சிலும் தோலிலும் விடும் ஈரம் ஏறத்தாழ இவ்வளவுதான். தெர்மோஸ்டாட்டுக்கு இது தெரியாது. வெப்பநிலை இறங்கியதும் கம்ப்ரசரை நிறுத்திவிடும்; அறை குளிர்ந்தும் மெத்தை நசநசக்கும்.

இடுக்கை அடைத்தால் கரண்ட் பில் பாதியாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேலே சொன்ன கசிவு, ஒன்றரை டன் இயந்திரத்தின் திறனில் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. லாபம் முக்கியமாக நிம்மதியான தூக்கத்தில்தான்.

எதை வைத்து அடைப்பது? நம் வீடுகளில் வழக்கமாகத் திணிக்கும் செய்தித்தாளும் பழந்துணியும் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சை பிடிக்கும். மேசை துடைக்கும் ஸ்பாஞ்சும் அப்படியே. அதன் துளைகள் ஒன்றுக்கொன்று திறந்திருப்பவை. துளைகள் தனித்தனியாக மூடியிருக்கும் ரப்பர் ஃபோம் டேப்தான் இதற்கு ஏற்றது. தண்ணீர் ஏறாது, பெட்டி அதிர்ந்தாலும் விரிசல் விடாது. பெரிய இடைவெளி என்றால் பிளைவுட்டை வெட்டிப் பொருத்தி, அதன் பின்னால் தெர்மாகோல் வைக்கலாம். தெர்மாகோலில் பெரும்பகுதி அசையாத காற்று. அசையாத காற்றைவிட மலிவான வெப்பத் தடுப்பு கிடையாது.

எங்கே கசிகிறது என்று தெரிய, பகலில் திரையை இழுத்து விளக்கை அணைத்துவிட்டுப் பெட்டியைச் சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் கீற்றாகத் தெரியும் இடமெல்லாம் ஓட்டைதான். முகப்பில் வென்ட் என்று ஒரு லீவர் இருந்தால் அதையும் பாருங்கள். அது திறந்தே கிடக்கும் வீடுகள் பல.

அடைக்கும் ஆர்வத்தில் வெளிப்பக்கம் கைவைக்கக் கூடாது. பெட்டியின் பக்கவாட்டுக் கீற்றுகள் வழியாகத்தான் கண்டென்சருக்குக் காற்று போகிறது. அவற்றை மூடினால் இயந்திரம் திணறும். தண்ணீர் வடியும் துளையையும் விட்டுவிடுங்கள்.

சர்வீஸுக்காகப் பெட்டியை இழுக்கும்போது பழைய ஃபோம் கிழிந்துபோகும். மெக்கானிக் கிளம்புவதற்குள் புதிதாக ஒட்டச் சொல்லிவிடுங்கள்.