கடை திறக்கும் முன் சரக்கு அடுக்குங்க

சைட் ரெடி. சர்வர் ஓடுது. ஓடிபி வருது. லிங்க்கை நாலு வாட்ஸ்அப் குரூப்ல போட்டாச்சு. நூறு பேர் திறந்து பார்க்கிறாங்க. உள்ளே 'பதிவுகள் எதுவும் இல்லை' என்று ஒரே ஒரு வரி. மூடிட்டுப் போயிடறாங்க. அடுத்த மாசம் எவ்வளவு நல்ல ஃபீச்சர் சேர்த்தாலும் அந்த நூறு பேரைத் திரும்ப வரவழைக்கிறது ரொம்பக் கஷ்டம்.

பலர் சேர்ந்து பேசி, எழுதி வளர்க்க வேண்டிய சைட்டுக்கு கோடிங் பாதி வேலைதான். முதல் ஆளை வரவேற்கத் தயாராவது மீதிப் பாதி. அதைக் கத்துக்க தமிழ்லயே நல்ல உதாரணம் இருக்கு: தமிழ் விக்கிப்பீடியா.

ஆளில்லாத இடத்தில் எழுதியவர்

2003 செப்டம்பரில் அது தொடங்கியபோது மெனு, பட்டன் எல்லாமே ஆங்கிலம். அந்த நவம்பரில் மயூரநாதன் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக்கலைஞர், அப்போது அமீரகத்தில் வேலை. அவர் முதலில் எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்று, இடைமுகத்தைத் தமிழாக்குவது. பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் பெரும்பாலும் தனி ஆளாகக் கட்டுரைகள் எழுதினார்.

யாருமே இல்லாத இடத்தில் யாருக்காக எழுதினார்? அடுத்து வரப்போகிறவருக்காக. அடுத்து வந்தவர் பார்த்தது காலிப் பக்கம் இல்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு வேலை. கட்டுரை எப்படி இருக்கணும் என்பதற்கு மாதிரியும் கண்முன்னே இருந்தது. 2017-இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. மயூரநாதனுக்கு 2015-ஆம் ஆண்டின் இயல் விருது கிடைத்தது.

நம்ம ஊருக்குக் கொண்டு வருவோம்

சேலம், நாமக்கல் மரவள்ளி விவசாயிகளுக்கு ஒரு சைட் செய்யறீங்கன்னு வெச்சுக்கோங்க. ஆத்தூர், ராசிபுரம் பக்கம் கிழங்குக்கு விலை வெறும் எடையை வெச்சு மட்டும் வர்றதில்லை. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து, ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று ஆலையில் போடுவாங்க. அதனால 'உங்களுக்கு எத்தனை பாயிண்ட் போட்டாங்க?' என்பது உண்மையிலேயே பணம் சம்பந்தப்பட்ட கேள்வி. திறப்பு நாளுக்கு முன்னாடி செய்ய வேண்டியது நாலு.

ஒன்று, மொழி. மெனுவை மட்டும் தமிழாக்கினால் போதாது. எர்ரர் மெசேஜ், ஓடிபி மெசேஜ், பாஸ்வேர்டு மறந்தால் வரும் பக்கம் எல்லாம் தமிழில் வரணும். அதுவும் அவங்க பேசற சொல்லில். 'ஸ்டார்ச் சதவீதம்' என்று போடாதீங்க, 'பாயிண்ட்' என்று போடுங்க.

இரண்டு, சரக்கு. திறக்கும்போதே முப்பது நல்ல பதிவாவது உள்ளே இருக்கட்டும். 2020-இல் இந்தப் பக்கம் மரவள்ளியைத் தாக்கிய மாவுப்பூச்சியை எப்படி அடையாளம் காண்பது, ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம் என்னென்ன ரகம் வெளியிட்டிருக்கு, பாயிண்ட் எப்படிக் கணக்கிடறாங்க... தோட்டத்துக்கே போய்க் கேட்டு, சொன்னவர் சம்மதத்தோடு எழுதுங்க.

மூன்று, முதல் வேலை சின்னதா இருக்கணும். விக்கிப்பீடியாவுக்கு முன்னாடி நூபீடியா என்று ஒன்று இருந்தது. அதில் ஒரு கட்டுரை வெளிவர ஏழு கட்டப் பரிசீலனையைத் தாண்டணும். கட்டுரைகள் சேரவே இல்லை. 2003 செப்டம்பரில் மூடினாங்க. தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியதும் அதே மாசம்தான். விக்கியில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலே நீங்க பங்களிப்பாளர். எழுதிப் பழக 'மணல்தொட்டி' இருக்கு. உங்க சைட்லயும் புதுசா வர்றவர் 'ஊர், தேதி, பாயிண்ட், விலை' என்று நாலு கட்டம் நிரப்பினா போதும்னு வைங்க. பத்துப் பக்க ஃபார்ம் வேண்டாம்.

நாலு, பதில் சொல்ல ஆள். தமிழ் விக்கியில் புதுசா சேர்ந்தவர் பேச்சுப் பக்கத்தில் 'வாருங்கள்' என்று வரவேற்புச் செய்தி வரும். சந்தேகம் கேட்க, பொதுவாகப் பேச 'ஆலமரத்தடி' என்று தனிப் பக்கமே இருக்கு. உங்க டீமில் முதல் மூணு மாசத்துக்கு யார் எந்த நாள் பதில் சொல்வது என்று அட்டவணை போட்டுக்கோங்க. செமஸ்டர் எக்ஸாம் வாரத்துக்கும் சேர்த்து.

பொய் ஆளை உட்கார வைக்கலாமா?

இங்கேதான் பெரிய சபலம் வரும். ரெட்டிட் 2005-இல் தொடங்கியபோது, கூட்டம் இருப்பது போல் காட்ட அதை உருவாக்கியவர்களே பல போலிப் பெயர்களில் பதிவு போட்டாங்க. பிறகு அவங்களே அதை வெளிப்படையாச் சொல்லியிருக்காங்க. அங்கே போட்டது செய்தி லிங்க். யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. நம்ம சைட்டில் டெஸ்ட் டேட்டாவா ஒரு விலையைப் போட்டு அழிக்க மறந்தா, அதை நம்பி ஒருத்தர் லோடு ஏத்திடுவார். போவது அவர் பத்து மாசப் பாடு. மயூரநாதன் தன் பெயரில்தான் எழுதினார். நீங்களும் 'இது எங்கள் குழு சேகரித்தது' என்று தேதியோடு போடுங்க. பத்தே பதிவு இருந்தாலும் பத்தும் உண்மையா இருக்கட்டும்.

கடைசியா ஒரு விஷயம். முதல் நாளே நூறு பேருக்கு லிங்க் அனுப்பாதீங்க. ஐந்து பேர் போதும். முடிஞ்சா பக்கத்துல உட்கார்ந்து, அவங்க போனிலேயே திறக்கச் சொல்லுங்க. எந்த இடத்தில் விரல் தயங்கி நிக்குதுன்னு பாருங்க. வாய் திறந்து 'இப்படி அழுத்துங்கண்ணா' என்று சொல்ல வேண்டி வந்தா, அந்த இடத்தைச் சரி பண்ணிட்டு ஆறாவது ஆளைக் கூப்பிடுங்க.