கயிற்றுக்கு அந்தப் பக்கம்... ஜப்பானின் பஞ்சுப் பனியும் 15 நிமிட உயிர்க் கணக்கும்!

காலை நேரம். ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் இருக்கும் நிசேகோ மலை. ராத்திரி முழுக்கக் கொட்டிய பனி இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. லிஃப்டில் ஏறி மலையின் மேல்பகுதிக்கு வந்தவர்கள், ஒரு சின்ன மரக் கதவின் முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். காலில் அகலமான சறுக்குப் பலகைகள், முதுகில் பை, தலையில் ஹெல்மெட். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு காலடித் தடம்கூட இல்லாத வெள்ளைச் சரிவு. கதவு இன்னும் திறக்கவில்லை. யாரும் கயிற்றைத் தாண்டவும் இல்லை.

இந்தக் காட்சிக்காகத்தான் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ஐரோப்பா என உலகின் பல மூலைகளிலிருந்தும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஜப்பானுக்கு விமானம் ஏறுகிறார்கள். அவர்கள் தேடி வருவதற்குப் பெயர் ‘ஃப்ரீரைடு.’

ஃப்ரீரைடு என்றால் என்ன?

பனிச்சறுக்கு என்றதும் நமக்கு சினிமாப் பாட்டுகளில் பார்த்த காட்சி நினைவுக்கு வரும். இயந்திரத்தால் சீவி, சமன் செய்து, இரண்டு பக்கமும் கம்பம் நட்ட பாதை. அதில் வழுக்கிக்கொண்டு வருவார்கள். ஃப்ரீரைடு அப்படியல்ல. மலை எப்படி இருக்கிறதோ அப்படியே சறுக்குவது. போட்ட பாதை கிடையாது. மரங்களுக்கு நடுவே, பாறைகளைத் தாண்டி, பள்ளங்களில் இறங்கி, தன் வழியைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு உலக அளவில் போட்டிகளும் உண்டு. ‘ஃப்ரீரைடு வேர்ல்டு டூர்’ என்ற அந்தப் போட்டித் தொடரின் ஒரு சுற்று, ஜப்பானின் ஹகுபா பள்ளத்தாக்கிலும் நடந்திருக்கிறது. அதில் ஒரு சுவாரஸ்யமான விதி: போட்டிக்கு முன்னால் அந்தச் சரிவில் ஒருமுறைகூடச் சறுக்கிப் பார்க்கக் கூடாது. தூரத்தில் நின்று, பைனாகுலரில் பார்த்து, எங்கே திரும்புவது, எந்தப் பாறையிலிருந்து குதிப்பது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். வேகத்துக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. தேர்ந்தெடுத்த வழி, கட்டுப்பாடு, தடங்கலற்ற ஓட்டம் எல்லாவற்றையும் நடுவர்கள் பார்ப்பார்கள். சுருக்கமாகச் சொன்னால், மலையைப் படிக்கத் தெரிந்தவருக்கே இந்த விளையாட்டு.

ஏற்காட்டைவிடக் குள்ளமான மலையில் இவ்வளவு பனியா?

நிசேகோ அன்னுபுரி சிகரத்தின் உயரம் 1,308 மீட்டர்தான். நம் ஏற்காடே இதைவிட உயரம். அது இருக்கும் அட்சரேகையும் ஏறக்குறைய பிரான்ஸின் தென்கரைதான். அப்படியிருந்தும் ஒரு சீசனில் அங்கே மொத்தமாகச் சுமார் 15 மீட்டர் பனி விழுகிறது. ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம்!

காரணம் காற்றும் கடலும். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து கடுங்குளிரான, வறண்ட காற்று தென்கிழக்கு நோக்கிக் கிளம்புகிறது. வழியில் ஜப்பான் கடல். அதில் தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான சுஷிமா நீரோட்டம் ஓடுகிறது. குளிர்காற்று அந்தக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. எதிரே ஜப்பானின் மலைகள் நிற்க, காற்று மேலே ஏறிக் குளிர்ந்து, சுமந்து வந்த ஈரத்தையெல்லாம் பனியாகக் கொட்டிவிடுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து நம் கரையில் மழையாக இறக்குகிறதே, ஏறக்குறைய அதே கதை. நமக்கு மழை, அவர்களுக்குப் பனி.

ஹொக்கைடோவின் குளிரில் இந்தப் பனி மிகவும் லேசாக இருக்கும். கையில் அள்ளி உருண்டை பிடிக்கப் பார்த்தால் பிடிபடாது, ஊதினால் பறக்கும். இதில் சறுக்கும்போது இடுப்பு வரை, சில நாள்களில் மார்பு வரை பனி எழும்பும். ஜப்பான், பவுடர் என்ற இரண்டு சொற்களையும் ஒட்டவைத்து ‘ஜபாவ்’ என்று இதற்குச் செல்லப் பெயரே வைத்துவிட்டார்கள்.

ஒற்றைக் கம்பில் தொடங்கிய கதை

ஜப்பானுக்கு பனிச்சறுக்கு வந்த தேதி பதிவாகியிருக்கிறது. 1911 ஜனவரி 12. ஆஸ்திரிய-ஹங்கேரிய ராணுவ அதிகாரியான தியோடர் ஃபான் லெர்ஹ், நீகாட்டா மாகாணத்தின் தகாடாவில் ஜப்பானிய ராணுவ வீரர்களுக்குச் சறுக்கக் கற்றுக் கொடுத்தார். இரண்டு கைக்கு இரண்டு குச்சி என்பதெல்லாம் அப்போது இல்லை. ஒரே ஒரு நீளக் கம்பு. லிஃப்ட் இல்லை, சீவிய பாதையும் இல்லை. இன்றைய கணக்கில் பார்த்தால் அதுவும் இயற்கைச் சரிவில் சறுக்கியதுதான்.

பிறகு 1972-ல் சப்போரோவிலும், 1998-ல் நாகானோவிலும் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் ஜப்பானிய இளைஞர்களிடையே பனிச்சறுக்கு ஒரு பித்தாகவே பரவியது. 1990-களின் தொடக்கத்தில், ஒரு வருடத்துக்கு 1.8 கோடிப் பேர் சறுக்கினார்கள். பொருளாதாரம் சரிந்ததும் அந்தக் கூட்டமும் கரைந்தது. இன்று அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. லிஃப்ட் துருப்பிடித்து மூடப்பட்ட மலைகள் ஏராளம்.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டினர், குறிப்பாக ஆஸ்திரேலியர்கள், நிசேகோவின் பனியைக் கண்டுகொண்டார்கள். அவர்களுக்குச் சீவிய பாதையில் ஆர்வம் இல்லை. ஜப்பானியர்கள் ‘போகாதே’ என்று கயிறு கட்டி வைத்திருந்த காட்டுப் பக்கம்தான் கண் போனது.

தடுப்பதா, கதவு வைப்பதா?

பெரும்பாலான ஜப்பானிய ரிசார்ட்டுகளில் நெடுங்காலமாக ஒரே விதிதான்: பாதைக்கு வெளியே போகக் கூடாது. ஆனால், கயிற்றைத் தாண்டுபவர்கள் தாண்டிக்கொண்டேதான் இருந்தார்கள். நிசேகோவிலும் பனிச்சரிவில் சிக்கி உயிர்கள் போயின. தடை போட்டும் சாவு நிற்கவில்லை என்றால் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் அகியோ ஷின்யா. மலையேறி, கடலில் கயாக் ஓட்டுபவர், நிசேகோவில் விடுதி நடத்துபவர். குளிர்காலத்தில் விடியும் முன்பே எழுந்து, காற்று, வெப்பநிலை, புதுப்பனி ஆகியவற்றோடு கடலோரத்தின் காற்று வேகம், அலை உயரம் வரை பார்த்து, அன்றைய பனிச்சரிவு அபாயத்தை எழுதி வெளியிடுவதைப் பல்லாண்டுகளாகச் செய்துவந்தவர்.

அந்த முயற்சியின் விளைவுதான் ‘நிசேகோ விதிகள்.’ சாரம் எளிமையானது. ரிசார்ட்டின் எல்லைக்கு வெளியே போகலாம், ஆனால் குறிப்பிட்ட கதவுகள் வழியாக மட்டுமே. ஆபத்தான நாளில் கதவு மூடியிருக்கும். அன்று போகக் கூடாது. கயிற்றுக்கு அடியில் நுழையவே கூடாது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்கள் துணையில்லாமல் வெளியே போகக் கூடாது. ‘யு நோ சவா’ போன்ற சில பள்ளத்தாக்குகள் எந்த நாளிலும் யாருக்கும் திறக்காது. மீறினால் லிஃப்ட் டிக்கெட் பறிபோகும். வெளியே மாட்டிக்கொண்டால், மீட்புச் செலவு உங்களுடையது.

ஜப்பானிய மொழியில் ‘ஜிகோ செகினின்’ என்பார்கள். ‘உன் செயலுக்கு நீயே பொறுப்பு’ என்று பொருள். ஆனால், பொறுப்பை ஒருவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளாமல், முடிவெடுக்கத் தேவையான தகவலையும் தினமும் காலையில் கையில் கொடுத்தார்கள் என்பதுதான் நிசேகோவின் சிறப்பு.

மற்ற இடங்கள் வேறு வேறு வழிகளில் போகின்றன. ஹகுபா கார்ட்டினாவில், சொந்தப் பொறுப்பில் மரங்களுக்கிடையே சறுக்க அனுமதி உண்டு. 2017 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நீகாட்டாவின் லோட்டே அராயில், ஊழியர்கள் பனிச்சரிவுக் கட்டுப்பாட்டுப் பணிகளை முடித்த பிறகு சரிவுகளைப் பகுதி பகுதியாகத் திறக்கிறார்கள். ஹொக்கைடோவின் உயரமான சிகரம் அசாஹிதாகே, 2,291 மீட்டர். அங்கே ரோப்வே உங்களைச் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். எரிமலைப் புகை கிளம்பும் திறந்தவெளி அது. மேகம் இறங்கிவிட்டால் வானம் எது, தரை எது என்றே தெரியாது.

பஞ்சுக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து

‘பனி பஞ்சு மாதிரிதானே, விழுந்தால் என்ன?’ என்று தோன்றும். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

முதல் ஆபத்து பனிச்சரிவு. பழைய பனியின் மேல் புதுப்பனி ஒரு பலகைபோலப் படிந்திருக்கும். இடையில் பலவீனமான ஓர் அடுக்கு இருந்தால், ஒரே ஒருவரின் எடை போதும். மொத்தப் பலகையும் உடைந்து சரியும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்வான சரிவுகளில்தான் இது அதிகம். சறுக்க ஆசைகாட்டும் சரிவும் அதே சாய்வுதான். பனிச்சரிவில் சிக்குபவர்களில் பெரும்பாலானோருக்கு, அதைக் கிளப்பியவர் அவரேதான் அல்லது அவருடன் வந்தவர்தான்.

புதைந்தவரை முதல் 10, 15 நிமிடங்களில் வெளியே எடுத்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அரை மணி நேரம் தாண்டினால் அந்த வாய்ப்பு மளமளவெனச் சரிந்துவிடும். மீட்புக் குழு அதற்குள் வந்து சேராது. காப்பாற்ற முடிந்தவர், பக்கத்தில் நிற்கும் தோழர் மட்டுமே. அதனால்தான் ஒவ்வொருவரும் மூன்று பொருள்களைச் சுமக்கிறார்கள்: புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சிக்னலால் காட்டும் பீக்கான், குத்திப் பார்த்து ஆழத்தை அறிய மடக்குக் கம்பி, தோண்ட மண்வாரி. உங்களிடம் இருக்கும் மண்வாரி உங்களைக் காப்பாற்றாது. அது உங்கள் தோழரின் உயிருக்கானது. உங்கள் உயிர் அவர் பையில் இருக்கிறது.

இரண்டாவது ஆபத்து மரத்தடிக் குழி. ஊசியிலை மரங்களின் தாழ்ந்த கிளைகள் பனியைத் தாங்கிக்கொள்வதால், அடிமரத்தைச் சுற்றி வெற்றிடம் உருவாகிவிடும். மேலே பார்த்தால் சமதளம்போலத் தெரியும். அதில் தலைகீழாக விழுந்தவர் மேல் பனி உதிர்ந்து மூடினால், மூச்சுத் திணறிவிடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் தன்னார்வலர்களை இப்படிப்பட்ட குழிகளில் இறக்கிச் சோதித்தபோது, பத்தில் ஒன்பது பேரால் தானாக வெளியே வர முடியவில்லை. ‘மரங்களுக்குள் தனியாகப் போகாதே, கூட வருபவரைப் பார்வையிலிருந்து விடாதே’ என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

உலக சாம்பியனுக்கும் விதிவிலக்கு இல்லை

2023 ஜனவரி 29. ஹகுபா பகுதியில், ரிசார்ட்டின் எல்லைக்கு வெளியே நடந்த ஒரு பனிச்சரிவில் அமெரிக்கரான கைல் ஸ்மெய்னும், ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஒருவரும் இறந்துபோனார்கள். ஸ்மெய்னுக்கு வயது 31. 2015-ல் ஸ்கீ ஹாஃப்பைப் பிரிவில் உலக சாம்பியன் பட்டம் வென்றவர். ஜப்பானின் பனியை நேசித்து மறுபடி மறுபடி வந்தவர். திறமை, அனுபவம் எதற்கும் குறைவில்லை. மலை அதையெல்லாம் கேட்பதில்லை.

இந்தப் பனியோடு வாழும் உள்ளூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. சுற்றுலாப் பயணிக்கு விளையாட்டாகத் தெரியும் பனி, அவர்களுக்கு அன்றாட உழைப்பு. கூரையில் ஏறிப் பனியைத் தள்ளாவிட்டால் வீடு தாங்காது. அப்படித் தள்ளும்போது தவறி விழுந்து, ஒவ்வொரு குளிர்காலத்திலும் பலர் உயிரிழக்கிறார்கள். பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்ட கிராமங்களில் வசிக்கும் முதியவர்கள்தான் இதில் அதிகம். அதே ஊர்களுக்குத்தான் இன்று சறுக்க வருபவர்களால் வருமானமும் வருகிறது. நிசேகோ மலையடிவார ஊரான குட்சான், ஜப்பானிலேயே நிலத்தின் விலை வேகமாக ஏறிய இடங்களில் ஒன்றானது. வேலை வாய்ப்பு கூடியது. வீட்டு வாடகையும் கூடவே ஏறியது.

ஜப்பான் போகும் திட்டம் இருக்கிறதா?

குடும்பத்தோடு குளிர்காலத்தில் போகிறீர்கள் என்றால், நல்ல பனிக்கு ஜனவரி, பிப்ரவரி ஏற்ற மாதங்கள். முதல்முறை காலில் பலகை மாட்டுபவர்கள், சீவிய பாதையில் பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்வதே சரி. அங்கேயே பனியை ஆசைதீர அனுபவிக்கலாம். சறுக்கி முடித்து, சுற்றிலும் பனி விழ, வெந்நீர் ஊற்றில் கழுத்து வரை மூழ்கி உட்காருவதற்கு எந்தத் திறமையும் தேவையில்லை!

நன்றாகச் சறுக்கத் தெரிந்து ‘அந்தப் பக்கம்’ போக ஆசைப்படுபவர்கள் உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். மூன்று கருவிகளையும் வாங்கினால் போதாது, பயன்படுத்திப் பழகுங்கள். உங்கள் பயணக் காப்பீடு ரிசார்ட் எல்லைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் பணம் தருமா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். பல பாலிசிகளில் தராது.

முக்கியமாக, கதவு மூடியிருந்தால் திரும்பிவிடுங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி, லட்சக்கணக்கில் செலவழித்து வந்திருக்கும்போது அது கஷ்டம்தான். ஆனால், விடியும் முன்பே எழுந்து காற்றையும் கடலையும் பார்த்த ஒருவர், ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறார். மலை எங்கும் போய்விடாது. நாளைக் காலை அதே வரிசையில் நின்றுகொள்ளலாம்.