மிருகப் பரிசோதனையில் மாறுதலும் அநுமதியும்

கால்நடைகளுக்கான புதிய மருந்துகள் நம் தொழுவங்களுக்கு வருமுன் ஆராய்ச்சி நிலையங்களில் பிராணிகள்மீது பரிசோதிக்கப்படுகின்றன. வாயில்லா ஜீவன்கள் வீணே துன்புறாதிருக்கும் பொருட்டு, 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் இவற்றை மேற்பார்வை செய்ய ஒரு மத்தியக் கமிட்டிக்கு வகை செய்தது. 1998-ம் வருஷத்து விதிகளின்படி, பரிசோதனை நடத்தும் ஸ்தாபனங்களில் நெறிமுறைக் கமிட்டி ஒன்றும் இருத்தல் வேண்டும். விஞ்ஞானிகளுடன் கால்நடை வைத்தியர் ஒருவரும், விஞ்ஞானியல்லாத பொதுநல நோக்குடையார் ஒருவரும் அதில் அங்கம் வகிப்பர். எலி, முயல் முதலிய சிறு பிராணிகளுக்கு இக்கமிட்டியே அநுமதி தரும். பெரிய பிராணிகளாயின் அதன் சிபாரிசின்மேல் மத்தியக் கமிட்டி முடிவு செய்யும்.

அநுமதி கிடைத்தபின் இஷ்டம்போல் நடக்கலாம் என்பதன்று. குடற்புழு மருந்தைச் சோதிக்க 24 ஆடுகளுக்கு அநுமதி பெற்று, வாரம் ஒருமுறை இரத்தம் எடுப்பதாக எழுதிக் கொடுத்திருப்பதாகக் கொள்வோம். இடையில் 6 ஆடுகளைக் கூட்டவோ, வாரம் இருமுறை இரத்தம் எடுக்கவோ நேர்ந்தால், முன்னதாகவே திருத்த விண்ணப்பம் செய்தல் வேண்டும். அதில் குறிக்கவேண்டியவை:

1. முந்திய அநுமதியின் விவரம்.
2. கோரும் மாறுதலும் அதன் காரணமும்.
3. கூடுதல் எண்ணிக்கை அவசியமென்பதற்குக் கணக்கு.
4. பிராணிக்கு நேரும் அதிக வேதனையும், அதைத் தணிக்கும் முறையும்.

உத்தரவு வரும்வரை பழைய திட்டப்படியே நடக்க வேண்டும். நோயுற்ற பிராணிக்குச் சிகிச்சை செய்வதை மட்டும் தாமதிக்கலாகாது. உடனே வைத்தியம் செய்து, பின்னர் கமிட்டிக்கு அறிவித்தல் முறை.

இது வெறும் காகித வேலையென்று சிலர் எண்ணலாம். விரும்பிய பலன் தெரியும்வரை ஆடுகளைக் கூட்டிக்கொண்டே போனால், பயனற்ற மருந்தும் பயனுள்ளதுபோல் தோன்றும். அதை நம்பிப் பணம் கொடுத்து வாங்கி, மந்தையை இழப்பவன் விவசாயியே. ஆகவே இக்கட்டுப்பாடு பிராணிக்கும் குடியானவனுக்கும் ஒருங்கே காப்பாகும்.

தங்கள் மந்தையில் பரிசோதனை நடத்த வருவோரிடம் மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் அநுமதிப் பத்திரத்தைக் கேட்டுப் பார்ப்பது நலம். முதலில் சொன்னதற்கு மேலாக ஏதேனும் செய்யக் கோரினால், அம்மாறுதலுக்கு உத்தரவு உண்டா என வினவுதல் மரியாதைக் குறைவாகாது. நேர்மையான ஆராய்ச்சியாளர் அதனை மகிழ்ந்து காட்டுவார்.